நேரில் பார்வையிடப்பட்டது

– முதல்ல அந்தத் தண்ணியை நிறுத்தும்மா. பேசறது ஒண்ணும் கேக்கல.

– தண்ணி இல்ல சார், காத்தாடி. நிறுத்தினா நாறும். பாத்ரூம்லேர்ந்து பேசறேன்.

– பாத்ரூம்லேர்ந்தா? மேனேஜர்கிட்ட பேசற இடமா அது?

– எங்க வீட்டுல தாழ்ப்பாள் இருக்கறது இது ஒண்ணுக்குத்தான் சார். இருக்கறதே ஒரு ரூம். கட்டில்ல பையனுக்கு ஸ்கூலு, தரையில அவருக்குத் தூக்கம், இஸ்திரி மேசைமேல எனக்கு நகராட்சி. சொல்லுங்க, மூணு தடவைன்னு ஏதோ சொன்னீங்களே.

– அதான். விஷயம் என்னன்னா, நம்ம புகார்ப் பிரிவுல ஒரே வீட்டைப் பத்தி மூணு மனு வந்திருக்கு. மூணையும் குளோஸ் பண்ணியிருக்கு. பண்ணது யாரு?

– எந்த வீடு?

– நாலாவது குறுக்குத் தெரு, பதினெட்டாம் நம்பர், கீழ் வீடு.

– ஒரு நாளைக்கு இருநூறு குளோஸ் பண்றேன் சார். குப்பை, சாக்கடை, நாய், தெருவிளக்கு. எனக்கு எந்த வீட்டு ஞாபகம் இருக்கும்? லேப்டாப் வேற வெளிய இருக்கு. உங்ககிட்ட இருந்தா படிச்சுக் காட்டுங்களேன்.

– ஒன்பதாந்தேதி. 'இந்த வீட்டில் தனியாக இருப்பவர் நான்கு நாட்களாகப் போனை எடுக்கவில்லை. தயவுசெய்து ஆள் அனுப்பிக் கதவைத் தட்டிப் பார்க்கவும்.' பதிமூணாந்தேதி, 'கீழ் வீட்டிலிருந்து துர்நாற்றம்.' பதினேழாந்தேதி, அதாவது முந்தாநாள், 'துர்நாற்றம் தாங்க முடியவில்லை. ஜன்னல் முழுக்க ஈ. பிள்ளைகள் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள்.'

– எலி ஏதாவது செத்திருக்கும்னு நெனச்சிருப்பேன்.

– நெனச்சிருப்பியா, நெனச்சியா?

– படிக்கல சார். போதுமா? வரிசையா நாப்பது கட்டத்துல டிக் போட்டு ஒரே பதிலைக் கீழ ஒட்டிடறேன். அப்படிப் பண்ணச் சொன்னது நீங்க. சனிக்கிழமைக்குள்ள எல்லாம் பச்சையா மாறணும், கமிஷனர் ஸ்கிரீன்ல சிவப்பே தெரியக்கூடாதுன்னு சொன்னது நீங்க.

– என்ன பதில் ஒட்டினே?

– நீங்க எழுதிக் கொடுத்ததுதான். 'நேரில் பார்வையிடப்பட்டது. குறை நிவர்த்தி செய்யப்பட்டது.'

– ஃபைல்படி அது சரியான பதில்தான்.

– யாரு சார் நேர்ல போறா? பதினெட்டு நாளா நான் நேர்ல பார்த்த ஒரே இடம் இந்த பாத்ரூம்.

– சரி, வாயடிக்காதே. யார் லாகின்ல மூடினே?

– அந்தத் தெருவெல்லாம் நம்ம சீல் அண்ணன் வார்டு. அவர் வேலையையும் நான்தானே பார்க்கறேன், அவர் லாகின்லதான் மூடியிருப்பேன். ஏன் சார், அந்த வீட்டுல யாராவது பெரிய ஆளா? மேல சொல்லிட்டாங்களா?

– ஏம்மா, ஆறு வருஷமா பக்கத்து மேசையில உக்காந்திருந்தியே. அவர் வீடு எங்கன்னு தெரியுமா உனக்கு?

– அந்தப் பக்கம் எங்கயோ. பஸ்ஸுல வருவார்.

– நாலாவது குறுக்குத் தெரு. பதினெட்டு. கீழ் வீடு. ஹலோ? லைன்ல இருக்கியா?

– காத்தாடியை நிறுத்திட்டேன் சார். இன்னொரு தடவை சொல்லுங்க.

– எத்தனை தடவை சொன்னாலும் அதேதாம்மா. மாடி வீட்டுக்காரர் இன்னிக்குக் காலையில குப்பை வண்டியை மறிச்சு, துப்புரவு மேஸ்திரியைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருக்கார். கதவை உடைச்சிருக்காங்க. முதல்ல உள்ள போன ஆள் வாசல்லயே வாந்தி. அப்புறம் மேஸ்திரி மூக்கைக் கட்டிக்கிட்டுப் போனான். நாற்காலியில உக்காந்தபடி, மேசைமேல தலையைக் கவுத்து வெச்சிருந்தாராம். எத்தனை நாளாச்சோ.

– அந்த நோயா?

– வேற என்ன? காய்ச்சல் மாத்திரை அட்டை காலியாக் கிடந்துச்சாம். மீதியை நான் சொல்லல. மேஸ்திரி சொன்னான், நான் காதுல வாங்கிக்கல.

– சார், அது என்ன சத்தம், கருக் மொறுக்குன்னு?

– டிபன். காலையிலேர்ந்து போன்மேல போன். எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கில்ல.

– இதைச் சொல்லிக்கிட்டேவா சாப்பிடறீங்க?

– ஆறிப்போனா எங்க வீட்டுல திரும்பச் சுட வெச்சுத் தரமாட்டாங்க.

– எனக்குக் குமட்டுது.

– இடம் தோதாத்தானே இருக்கு.

– ச்சீ.

– இந்தச் சீ, தூ எல்லாம் என்கிட்ட வேண்டாம். நான் சொல்லியா அவர் செத்தார்? இப்ப நாம ரெண்டு பேரும் எங்க நிக்கறோம்னு யோசி. அந்த மாடி வீட்டுக்காரர் என்ன கத்தினார் தெரியுமா? புகார் குளோஸ் ஆனா, மூடினவர் பேரு மனுதாரருக்கு மெசேஜ்ல போகுதில்ல? அந்தப் பேரும் கீழ் வீட்டுக் கதவுல இருக்கற பேரும் ஒண்ணு. 'அந்த ஆளே நாறவிட்டுட்டு அந்த ஆளே புகாரை மூடறான், திமிரைப் பாருய்யா'ன்னு இத்தனை நாளா அவர்மேல கோவத்துல இருந்திருக்கார் மனுஷன்.

– நாத்தத்தோட அவர் பேரும் போயிருக்கு.

– அதான் சொல்றேன். ஒன்பதாந்தேதி மூடியிருக்கார், பதிமூணு மூடியிருக்கார், பதினேழு மூடியிருக்கார். நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேலை முடிச்சதா பதிவு பண்ணியிருக்கார். இன்னிக்குப் பத்து மணிக்கு...

– நான்தான் போட்டேன். எனக்குப் போட்ட கையோட அவருக்கும்.

– இன்னிக்குமா?

– பழக்கம் சார். பல்லு வெளக்கற மாதிரி ஆயிடுச்சு.

– கடவுளே. உன்னை யாரும்மா இவ்வளவு ஒழுங்கா பண்ணச் சொன்னா?

– நீங்கதான்! மறந்துட்டீங்களா? முப்பதாந்தேதி சாயங்காலம் அஞ்சரைக்கு ஆர்டர் வந்துச்சு, நாளையிலேர்ந்து யாரும் ஆபீஸ் வரக்கூடாது, எல்லாரும் வீட்டுலேர்ந்து பாருங்கன்னு. அவர் உங்க மேசைக்கு வந்து நின்னார். 'சார், என்கிட்ட கம்ப்யூட்டர் கிடையாது, இந்தப் பட்டன் போனுதான். ரிஜிஸ்டரை எடுத்துக்கிட்டுப் போகட்டுமா'ன்னு கேட்டார். நீங்க தலையைக்கூடத் தூக்கல. பாஸ்வேர்டை அந்தம்மாகிட்ட குடுத்துட்டுப் போங்க, அது பார்த்துக்கும்னுட்டீங்க.

– அந்த நேரத்துல வேற என்ன சொல்றது? ஆளைக் குறைச்சுக் காட்டினா பிரிவையே கலைச்சிடுவாங்க.

– பஸ் டிக்கெட் பின்னாடி எழுதிக் குடுத்தார். எழுதினதை ஒரு தடவை வாயால ஊதினார், மை காயணும்னு. ஸ்டாம்பைக் குத்தறதுக்கு முன்னாடி ஹான்னு ஊதுவாரே, அது மாதிரி. அதுக்குத்தானே சீல் அண்ணன்னு பேர் வெச்சோம். 'ஒரு வாரம் பார்த்துக்கோம்மா, உனக்குத்தான் சிரமம்'னார். எனக்கென்ன சிரமம்? பையனை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர நான் மூணரைக்குக் கிளம்பினப்பல்லாம் ஆறு வருஷமா என் மேசையைப் பார்த்துக்கிட்டது அவர்தான். திருப்பிச் செய்யறோம்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

– நல்ல மனுஷன். யாரு இல்லைன்னா?

– பன்னண்டாந்தேதி அவர் பொறந்தநாள். கமிஷனர் மீட்டிங்கை நிறுத்திட்டு, வாழ்த்துக்கள்னு சொன்னார். முப்பது பேரு கை தட்டற பொம்மை போட்டாங்க. அவர் இடத்துல கறுப்புக் கட்டம், கீழ பேரு. கேமராவை ஆன் பண்ணச் சொல்லுங்கன்னு கமிஷனர் கேட்டார்.

– நெட் சரியில்லைன்னு அவர் டைப் பண்ணாரே.

– நான் பண்ணேன்! உங்களுக்குத் தெரியும், இப்பவும் 'அவர் பண்ணார்'ங்கறீங்க. நான் டைப் பண்ணேன், 'நெட் சரியில்லை ஐயா, மிக்க நன்றி ஐயா'ன்னு. அவர் எப்பவும் ஐயான்னுதான் சொல்வார், அதையும் ஞாபகமாச் சேர்த்தேன். கை கூப்பற பொம்மை ஒண்ணு போட்டேன். போட்டுட்டுச் சிரிச்சேன் சார். எவ்வளவு கச்சிதமா அவராட்டம் எழுதறேன்னு எனக்கு நானே மெச்சிக்கிட்டேன். அந்த நேரத்துல அவர் மேசைமேல கவுந்து கிடந்திருக்கார்.

– எப்ப செத்தார்னு யாருக்கும்மா தெரியும்? அதைத்தான் நான் சொல்ல வர்றேன். யாருக்கும் தெரியாது.

– ஒரு தடவையாவது போன் பண்ணிப் பார்த்தீங்களா நீங்க?

– நீ பண்ணியா?

– ரெண்டாந்தேதி பண்ணேன். லேசா காய்ச்சல், வெளிய சொல்லிடாதே, கதவுல நோட்டீஸ் ஒட்டிடுவாங்கன்னார். நாலாந்தேதி அவரே கூப்பிட்டார். மீட்டிங்ல இருந்தேன். கட் பண்ணேன்.

– அப்புறம்?

– அப்புறம் கூப்பிடலாம்னு இருந்தேன். சமையல், பையன், அவர் லாகின், என் லாகின். ராத்திரி ஞாபகம் வந்துச்சு, காலையில கூப்பிடலாம்னு இருந்தேன். நாலு நாள் கழிச்சுக் கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃப். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. கூப்பிட்டாச்சு, கெடைக்கல, என்மேல தப்பில்ல. அந்த அப்பாடாவை நெனச்சாத்தான் இப்ப எனக்கு உடம்பெல்லாம் கூசுது.

– ஏன் ஸ்விட்ச் ஆஃப்?

– சார்ஜர் ஆபீஸ்ல இருக்கு சார். அவர் மேசைக்குப் பின்னால ப்ளக்ல எப்பவும் மாட்டியே இருக்கும், தூசி படாம மேல ஒரு கைக்குட்டை போட்டிருப்பார். போனை அங்கதான் சார்ஜ் போடுவார், வீட்டுல போடமாட்டார். இப்பத்தான் தோணுது. நாலாந்தேதி அதைக் கேக்கத்தான் கூப்பிட்டாரோ என்னவோ. கடை எல்லாம் அடைச்சுக் கிடக்கு, வேற எங்க போவார்?

– விடு. பழசைக் கிளறாதே.

– பதினஞ்சு நாள் ஆனா பழசா?

– பாரு, நான் சொல்றதைக் கேளு. ஹெல்த் ஆஃபீசர் நம்ம ஆள்தான், பேசிட்டேன். இந்த வெயில்ல எத்தனை நாளுன்னு கரெக்டா யாராலயும் சொல்ல முடியாதாம். நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலன்னு எழுதிக்கலாம். ஃபைல்படி அஞ்சு மணி வரைக்கும் வேலை பார்த்திருக்கார். கடைசி நிமிஷம் வரைக்கும் கடமை. கமிஷனர் பாராட்டுக் கடிதமே குடுப்பார்.

– நேத்து சாயங்காலம் செத்தவர் வீட்டுல பதிமூணாந்தேதியே எப்படி சார் நாறும்?

– எலி. நீதானே சொன்னே?

– சார்!

– என்ன சார்? வேற வழி இருந்தா சொல்லு. செத்தவன் புகாரை மூடினான்னு வெளிய வந்தா நாம ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான்.

– வீட்டுலதான் சார் இருக்கோம்.

– ஜோக்கா? உன் வேலையை நிரந்தரம் பண்ற ஆர்டர் கமிஷனர் மேசையில கையெழுத்துக்குக் காத்திருக்கு. ஆறு வருஷம் தொங்கினே அதுக்காக. வீட்டுக்காரருக்குக் கடை மூடியாச்சுன்னு நீதான் சொன்னே. இந்தச் சமயத்துல உன் வாயாலயே அதைக் கெடுத்துக்கப் போறியா?

– நல்லா குறி பார்த்து அடிக்கறீங்க.

– உன் நல்லதுக்குத்தான். இன்னொரு சின்னச் சிக்கல். அதையும் பார்த்துட்டேன். அவர் மேசையில ஒரு நோட்டு இருந்துச்சாம். மேஸ்திரி படம் அனுப்பினான். அதைப் படுக்கையோட சேர்த்து எரிச்சிடச் சொல்லிட்டேன். கிருமி.

– என்ன நோட்டு?

– ஒண்ணுமில்ல. பைத்தியக்காரத்தனம்.

– என்ன நோட்டு சார்?

– வருகைப் பதிவேடு மாதிரி கோடு போட்டு வெச்சிருக்கார். ஸ்கேல் வெச்சு. ஒண்ணாந்தேதி, காலை பத்து, கையெழுத்து. மாலை அஞ்சு, கையெழுத்து. ரெண்டாந்தேதி, மூணாந்தேதி, அப்படியே போகுது. நீ கம்ப்யூட்டர்ல போட்டுக்கிட்டிருக்கே, அவர் அங்க தனியா உக்காந்து போட்டிருக்கார். யாரு கேட்டா இவரை?

– கடைசிக் கையெழுத்து எந்தத் தேதி?

– அது எதுக்கு உனக்கு?

– சொல்லுங்க.

– பத்து. காலையில மட்டும். எழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது. சாயங்காலக் கட்டம் காலி.

– பத்தாந்தேதி.

– இந்தத் தேதியை உன் வாயில வெச்சுக்காதே. முழுங்கிடு. இப்ப நீ பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். நோட்டு முதல் பக்கத்துல 'அக்கா'ன்னு போட்டு ஒரு நம்பர் இருந்துச்சு. சொந்தம்னு அவங்க ஒருத்தர்தான், வெளியூர்ல இருக்காங்க, வர முடியாது. இறந்துட்டார்னு மேஸ்திரி சொல்லிட்டான். தேதி சொல்லல. எப்ப போனான்னு கேட்டாங்களாம். மேனேஜர் பேசுவார்னு சொல்லியிருக்கான். என் பேச்சை நம்புவாங்களோ என்னவோ, நீ பக்கத்துல உக்காந்து வேலை பார்த்தவ. 'நேத்து வரைக்கும் நல்லா இருந்தார், வேலை பார்த்துக்கிட்டிருந்தார், கஷ்டப்படாம போயிட்டார்.' இதை மட்டும் சொல்லு. அவங்களுக்கும் அதுதானே ஆறுதல்?

– உங்க மனசுக்கு இது அசிங்கமாவே இல்லையா சார்?

– அசிங்கத்தைத் தினமும் அள்ளற ஆபீஸும்மா நம்முது. பழகிடும். நம்பரைச் சொல்றேன், எழுதிக்கோ. என் போன்ல ரெண்டு பேரை எப்படிச் சேர்க்கறதுன்னு எனக்குத் தெரியல. நீயே அவங்களைக் கூப்பிட்டு என்னையும் சேரு. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்.

– எழுத இங்க என்ன இருக்கு? சொல்லுங்க, போன்லயே அடிச்சுக்கறேன். இருங்க, பையன் கதவைத் தட்டறான். டேய், அஞ்சு நிமிஷம்டா! அப்பாவை எழுப்பு! சொல்லுங்க சார்.

*

– ஹலோ? தம்பி ஆபீஸா?

– ஆமாங்க. நான் அவர் பக்கத்து மேசை. புகார்ப் பிரிவு. மேனேஜர் சாரும் லைன்ல இருக்கார்.

– வணக்கம்மா. எங்க பிரிவுக்கே பேரிழப்பு. உங்க தம்பி எங்களுக்கு ஒரு தூண் மாதிரி.

– இருக்கட்டும் சார். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவன் எப்ப போனான்?

– நேத்து சாயங்காலம்மா. அஞ்சு மணி வரைக்கும் வேலை பார்த்திருக்கார். இந்தம்மாதான் கூடவே இருந்தது. சொல்லும்மா.

– ஆமாங்க. நேத்து.

– நேத்து வரைக்கும் நல்லா இருந்தானா?

– நல்லா... இருந்தார்.

– கம்ப்யூட்டர்ல புகாருக்கெல்லாம் பதில் போட்டது அவனேதானா?

– அவரேதாம்மா! எங்க பிரிவுலயே அதிகமா மூடினது அவர்தான். ஃபைல்படி சொல்றேன், ஒரு நாள்கூட லீவு கிடையாது.

– சரி. சரி. அது போதும் எனக்கு.

– எது போதும்ங்க?

– ஒண்ணுமில்லம்மா. நான் பண்ணது தப்பில்லைன்னு ஆச்சு. அது போதும். இந்த மூணு மணி நேரமா நெஞ்சுல ஒரு கல்லு. இப்பத்தான் மூச்சு வருது.

– என்ன பண்ணீங்க?

– ஏம்மா, அவங்களைத் தொந்தரவு பண்ணாதே. வெச்சிடலாம்.

– இல்ல சார், பேசட்டும். என்னம்மா பண்ணீங்க?

– எனக்கும் அவனுக்கும் மூணு வருஷமாப் பேச்சில்ல. எங்கம்மா போன அன்னிக்கு ஒரு வார்த்தை விட்டுட்டேன். 'பக்கத்துல இருந்தவன் நீதானேடா, நேரத்துக்கு எட்டிப் பார்த்திருந்தா அம்மா இருந்திருப்பாங்களே'ன்னு. சொல்லக்கூடாத வார்த்தை. ஆத்திரத்துல வந்துடுச்சு. அதோட சரி. ஆனா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ணுவேன். எடுப்பான். பேசமாட்டான். மூச்சு மட்டும் கேக்கும். நான் பாட்டுக்கு முட்டிவலி, மருமக, மழை எல்லாத்தையும் சொல்லி முடிப்பேன். அதுவரைக்கும் இருப்பான். அப்புறம் வெச்சிடுவான். எனக்கு அது போதும்.

– எடுத்துட்டுப் பேசாம இருப்பாரா?

– ஹான்னு ஒரு மூச்சு விடுவான் வெக்கறதுக்கு முன்னாடி. கேட்டுட்டேன்னு அர்த்தம்.

– அந்த மூச்சு எனக்குத் தெரியும்மா.

– இந்த மாசம் எடுக்கல. ஞாயிறு பார்த்தேன், திங்கள் பார்த்தேன். உங்க ஆபீஸுக்கு அடிச்சா, அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கறதில்ல. இருக்கட்டும். இப்ப அதையெல்லாம் எதுக்குப் பேசிக்கிட்டு? நேத்து வரைக்கும் நல்லா இருந்தான்னு ஒரு பொண்ணு சொல்லுது. நீ நல்லா இருக்கணும்மா. நான் வெக்கட்டுமா?

– ரொம்ப நன்றிம்மா. நாங்க எல்லா ஏற்பாடும்...

– வெக்காதீங்க. அம்மா, வெக்காதீங்க. நேத்து இல்ல.

– ஏய்! அம்மா, இந்தப் பொண்ணு அழுத அழுகையில என்னென்னவோ...

– சார், உங்களை லைன்லேர்ந்து எடுத்துவிடறேன்.

– நீ என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? அந்த ஆர்டர் மேசைமேலதான் இருக்கு, ஞாபகம்...

– எடுத்துட்டேன். அம்மா? இருக்கீங்களா?

– இருக்கேன். அவர் ஏன் கத்தறார்?

– நான் சொன்னது பொய். அவர் சொல்லச் சொன்னது, நான் சொன்னேன். நீங்க என்னை வாழ்த்தினீங்க, அதை வாங்கிக்கிட்டு என்னால இந்தக் கதவைத் திறந்துக்கிட்டு வெளிய போக முடியாது. உங்க தம்பிகிட்ட கம்ப்யூட்டரே கிடையாதும்மா. ஒண்ணாந்தேதியிலேர்ந்து அவர் பேர்ல உக்காந்தது நான். காலையில வந்தேன்னு போட்டது, சாயங்காலம் போறேன்னு போட்டது, பொறந்தநாளுக்கு நன்றி சொன்னது, எல்லாம் நான். அவருக்கு ஒரு வார உதவின்னுதான் ஆரம்பிச்சேன். அவர் வீட்டுல ஒரு நோட்டுல கையால கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்திருக்கார். கடைசியாப் போட்டது பத்தாந்தேதி காலையில. அன்னிக்குச் சாயங்காலம் போடல.

– பத்தாந்தேதி.

– ஆமாம்மா.

– அப்படின்னா ஒன்பதாந்தேதி இருந்திருக்கான்.

– இருந்திருக்கார். ரெண்டு கையெழுத்தும் இருக்கு.

– ஒன்பதாந்தேதி அவன் கம்ப்யூட்டர்ல எதுவும் பண்ணலையா?

– அவர் எதுவுமே பண்ணலம்மா. எல்லாம் என் கைதான்.

– ஒண்ணுகூடவா? நல்லா யோசிச்சுச் சொல்லு. காலையில பதினொண்ணு இருபதுக்கு ஒண்ணு?

– பதினொண்ணு இருபதா? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

– 'நேரில் பார்வையிடப்பட்டது. குறை நிவர்த்தி செய்யப்பட்டது.' கீழ அவன் பேரு, முதல் எழுத்தோட.

– அம்மா... அந்தப் புகார் மாடி வீட்டுக்காரர் போட்டதுன்னு...

– நான் போட்டதும்மா. போன் எடுக்கல, கதவைத் தட்டிப் பாருங்கன்னு, பேரனை வெச்சு எழுதச் சொல்லிப் போட்டேன். அதோட நிக்காம, வீட்டு ஓனரைப் பிடிச்சு மாடி வீட்டுக்காரர் நம்பரை வாங்கினேன். கீழ போயி ஒரு எட்டுப் பாருங்கன்னு சொல்லலாம்னு அழுத்திக்கிட்டிருந்தேன். பாதி நம்பர்ல உன் மெசேஜ் வந்துச்சு. அவன் பேரைப் பார்த்ததும், உசுரோடதான் இருக்கான், கோவத்துல பேசாம மூடியிருக்கான்னு நெனச்சு, சிரிச்சுக்கிட்டே போனைக் கீழ வெச்சுட்டேன்.